பல்லி இல்லை, ஹார்ட் டிஸ்க்

எங்கள் ஆயா பல்லி பேச்சைத் தட்டாது. யாராவது ஒரு பேச்சை முடிக்கும்போது சுவரில் "டக்" என்று கேட்டால் போதும், ஆள்காட்டி விரலால் தரையைத் தட்டிவிட்டு "பாத்தியா, சொல்லிருச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடும். அதற்குமேல் அந்த விஷயத்தில் வாதம் கிடையாது. போன வருஷம் மாசியில் சித்தப்பா மகளுக்கு ராயக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லோரும் நடுவீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மூலையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மண்டிக் கணக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். பையனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை என்று சித்தப்பா சொன்னார். டக். இரண்டு ஏக்கர் தோட்டம் இருக்கிறது என்றார். டக். கேட்பது ஒன்றுமில்லை, செய்வதைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். டக். ஆயாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பத்து நிமிஷத்தில் ஏழு முறை பல்லி ஆமோதித்துவிட்டது, இதற்குமேல் ஜாதகம் எதற்கு என்று கேட்டது.

எட்டாவது சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. சத்தம் சுவரிலிருந்து வரவில்லை. என் இடது உள்ளங்கைக்குக் கீழே லேசாக ஒரு அதிர்வு, அதோடு சேர்ந்து அந்த டக். மெதுவாக லேப்டாப்பை மூடினேன். பல்லி வாயை மூடிக்கொண்டது. ஆயா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, "என்னமோ, இப்ப சொல்லமாட்டேங்குது" என்று எழுந்து போய்விட்டது. நான் உண்மையைச் சொல்லவில்லை. நல்ல வரன்தான், எதற்குக் கெடுப்பது.

அந்தச் சத்தம் அன்றைக்குப் புதிதாக வந்ததல்ல என்பதுதான் என்னைக் குடைந்தது. மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஃபேன் சத்தம், வெளியே நாய், டிவி என்று எல்லாவற்றோடும் கலந்து பழகிவிட்டது. ஆயா விரலால் தட்டித் தட்டி எண்ணியிராவிட்டால் அதை ஒரு சத்தமாகவே நான் கணக்கில் எடுத்திருக்க மாட்டேன்.

பழைய நோட்டில் இரண்டு வரி

இந்த லேப்டாப் தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப காலத்து மாடல், 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸோடு கூடவே பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் போட்டு வந்தது. வந்த காலம் 2012. அந்த வருஷம் பவர் கட் எப்படி இருந்தது என்று சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏற்றுவது, இல்லாதபோது ஓட்டுவது, இதுதான் வாழ்க்கை. பேட்டரியில் ஒரு நிமிஷம் கூடக் கிடைத்தாலும் அதிர்ஷ்டம் என்று நினைத்த காலம் அது. அப்போது இன்டர்நெட்டில் தேடித் தேடி, லினக்ஸில் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வழிகளை எல்லாம் ஒரு நூறு பக்க நோட்டில் எழுதி வைத்தேன். அதில் இரண்டு வரி ஹார்ட் டிஸ்க்குக்கு. டிஸ்க்கின் அமைப்பை மாற்றும் எச்டிபார்ம் கட்டளை, மைனஸ் பெரிய பி 1. அதே கட்டளை, மைனஸ் பெரிய எஸ் 5. பக்கத்தில் சிவப்பு மையில் "கட்டாயம்" என்று அடிக்கோடு வேறு.

தங்கச்சி காலேஜ் முடித்து, கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள். லேப்டாப் பீரோ மேல் கிடந்தது. பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டிக்குக் கணக்கு எழுதும் வேலை வந்தபோது அதை இறக்கித் தூசு தட்டி, தர்மபுரியில் ஒரு டூப்ளிகேட் பேட்டரி வாங்கிப் போட்டு, எடை குறைந்த ஒரு லினக்ஸை ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் செய்த முதல் காரியம் அந்த நோட்டைத் தேடி எடுத்து, சிவப்பு மை வரிகளைக் கணினி எழும்போதே தானாக ஓடும்படி போட்டது. இப்போது பவர் கட் அப்படி இல்லை. பாதி நேரம் சார்ஜரிலேயேதான் ஓடுகிறது. ஆனாலும் போட்டேன். வீட்டில் தண்ணீர் வந்த பிறகும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போகும் பழக்கம் மாதிரி.

4,71,318

டக் சத்தத்தின் மறுநாள் காலை ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டிப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகளைப் படித்துக் காட்டும் கருவி அது. சும்மா ஆரோக்கியத்தை மட்டும் கேட்டால் "பாஸ்டு" என்று ஒரே வார்த்தையில் பதில். எனக்கு உடனே நிம்மதி. அத்தோடு விட்டிருப்பேன், ஆனால் பாஸ் என்றால் எத்தனை மார்க் என்று கேட்கும் புத்தி நமக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டே. முழுப் பட்டியலையும் கேட்டேன். டிஸ்க் ஓடிய மணிநேரம் 6,214. வெப்பம் 39 டிகிரி. கெட்டுப்போன இடம் பூஜ்யம். அப்புறம் 193ஆம் எண் வரிசையில் லோடு சைக்கிள் கவுண்ட் என்று போட்டு 4,71,318.

முதலில் கமா இல்லாமல்தான் வந்தது. நான்தான் விரலை வைத்து லட்சம், ஆயிரம் என்று பிரித்துப் படித்தேன். திரும்பவும் படித்தேன்.

அது என்ன எண் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. அதைப் படிக்கும் தலை தட்டைத் தொடுவதில்லை, சுழற்சியில் எழும் காற்றின் மேல் மிக மிகக் குறைந்த உயரத்தில் மிதக்கிறது. வேலை இல்லை என்றால் தலையைத் தட்டை விட்டு வெளியே எடுத்து, ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னச் சாய்தளத்தில் ஏற்றி நிறுத்திவிடும். அதுதான் டக். வேலை வந்ததும் மறுபடி இறக்கும். ஒரு தடவை ஏறி இறங்கினால் கணக்கில் ஒன்று கூடும். தலையை ஓரம் கட்டினால் தட்டுக்கு அருகே காற்றின் இழுவை குறையும், சில சர்க்யூட்டுகளை அணைத்து வைக்கலாம், கொஞ்சம் மின்சாரம் மிச்சம். லேப்டாப் தவறி விழுந்தாலும் தலை தட்டில் மோதிக் கீறாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சாய்தளமும் உராய்கிற பொருள்தான், அதற்கும் ஒரு ஆயுள் உண்டு. என் டிஸ்க்கின் தகவல் தாளில் அந்த ஆயுள் ஆறு லட்சம் முறை என்று இருந்தது. லேப்டாப் டிஸ்க்குகள் பலவற்றுக்கு இதுதான் கணக்கு, சிலவற்றுக்கு மூன்று லட்சம். ஆறு லட்சத்து ஒன்றாவது முறை டிஸ்க் செத்துவிடும் என்று அர்த்தமில்லை. அதைத் தாண்டி ஓடிய டிஸ்க்குகள் நிறைய உண்டு. அதற்காக நான் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் இல்லையே, உள்ளே இருப்பது ஊரார் கணக்கு.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு, வழக்கம்போல் வேலை செய்துவிட்டுப் பத்து மணிக்குப் பார்த்தேன். 137 கூடியிருந்தது. அரை நிமிஷத்துக்கு ஒரு டக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதமிருக்கும் ஒன்றே கால் லட்சத்துச் சொச்சத்தை 137ஆல் வகுத்தால் சுமார் 940 மணிநேரம். நான் நாளுக்கு ஆறு மணிநேரம் ஓட்டுகிறேன். ஐந்து மாதம். தக்காளி நாற்று விட்டு, காய் பறித்து முடிப்பதற்குள் இந்தக் கணக்கு முடிந்துவிடும்.

ஏன் இத்தனை முறை என்று தேடும்போதுதான் என் நோட்டின் லட்சணம் தெரிந்தது. மைனஸ் பி என்பது டிஸ்க் எந்த அளவுக்கு மின்சாரம் மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்லும் எண். 1 முதல் 254 வரை. 1 என்றால் முடிந்த மட்டும் சேமி, 254 என்றால் முடிந்த மட்டும் வேகமாக இரு. 127 வரைக்கும் தட்டையே நிறுத்தலாம் என்று அனுமதி, 128இலிருந்து தட்டை நிறுத்தக் கூடாது. நான் போட்டிருந்தது 1. டிஸ்க் பாவம், சொன்னதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் வேலை இல்லை என்றாலே தலையை எடுத்து ஓரம் வைத்தது. ஆனால் மேலே ஓடும் லினக்ஸ் அதைச் சும்மா விடுகிறதா? கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை ஐந்து விநாடிக்கு ஒருமுறை, எழுத ஏதாவது இருந்தால் டிஸ்க்கில் எழுதும். ஃபயர்பாக்ஸ் தன் பங்குக்குத் திறந்திருக்கும் பக்கங்களின் நிலையைப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை சேமிக்கும். பின்னால் லாக் எழுதுகிறவை தனி. ஒருவன் படு என்கிறான், படுத்ததும் இன்னொருவன் எழுந்திரு என்கிறான். இரண்டு பேரையும் வேலைக்கு வைத்தது நான்தான்.

மைனஸ் எஸ் இன்னும் மோசம். எத்தனை நேரம் சும்மா இருந்தால் தட்டின் சுழற்சியையே நிறுத்தலாம் என்பது அது. நான் 5 என்று எழுதியது ஐந்து நிமிஷம் என்று நினைத்து. அந்த எண் நிமிஷத்தில் இல்லை. 1 முதல் 240 வரை ஒவ்வொன்றும் ஐந்து விநாடி. ஆக 5 என்றால் 25 விநாடி. பத்து நிமிஷம் வேண்டுமென்றால் 120 போட வேண்டும், 241 போட்டால் அது அரை மணிநேரம் என்று அங்கிருந்து வேறு கணக்கு தொடங்குகிறது. யார் யோசித்த கணக்கோ. யாரிடமாவது போன் பேசிவிட்டு வந்து கணக்குக் கோப்பைத் திறந்தால் மூன்று நாலு விநாடி எல்லாம் உறைந்து நிற்கும், அப்புறம்தான் அசையும். 2 ஜிபி ராமில் இதற்குமேல் என்ன எதிர்பார்ப்பது என்று அந்த ராமைத்தான் அத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன். நின்றுபோன தட்டு மறுபடி வேகம் பிடிக்கும் நேரம் அது.

இதில் புதிதாக நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. 2007லேயே உபுண்டு என்ற லினக்ஸைப் பயன்படுத்துகிறவர்கள் நடுவே இது பெரிய விவாதமாக ஓடியிருக்கிறது. லினக்ஸ் டிஸ்க்கைக் கொல்கிறது என்று ஒரு பக்கம், நாங்கள் எதையும் மாற்றவில்லை, டிஸ்க் வரும்போதே இருக்கும் அமைப்பு அப்படி என்று இன்னொரு பக்கம். என் வழக்கில் அந்தச் சிக்கலும் இல்லை. சிவப்பு மையில் கையெழுத்து என்னுடையது.

ஐந்து நிமிஷம்

இத்தனை தேய்மானத்துக்கு எவ்வளவு மிச்சமானது என்று பார்க்க வேண்டாமா? இந்தக் கேள்வியைப் 2012இல் கேட்டிருக்க வேண்டும். அப்போது நோட்டில் எழுதியதோடு சரி, அளந்து பார்க்கவில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு, மின்சாரச் செலவைக் காட்டும் பவர்டாப் ஓட்டி, ஒரே வேலையை இரண்டு அமைப்பிலும் செய்து பார்த்தேன். டிஸ்க் 254இல் இருக்கும்போது மொத்த லேப்டாப்பும் சராசரியாக 11.6 வாட் இழுத்தது. 1இல் இருக்கும்போது 11.2. வித்தியாசம் 0.4 வாட். என் டூப்ளிகேட் பேட்டரியில் முழுச் சார்ஜுக்கு 28 வாட்-மணிதான் நிற்கிறது. வகுத்துப் பார்த்தால் 145 நிமிஷம் ஓட வேண்டியது 150 நிமிஷம் ஓடும்.

ஐந்து நிமிஷம். அதையும் நான் பெரும்பாலும் சார்ஜர் செருகிய நிலையில் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கோபத்தில் திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். 9.8 வாட்டுக்கு இறங்கியது. டிஸ்க் 254இலேயே இருக்க, 26 நிமிஷம் கூடுதல். ஒரு பட்டனை நாலு தடவை அழுத்தினால் வருவதை விட்டுவிட்டு, டெர்மினலில் கட்டளை அடித்தால்தான் சேமிப்பு என்று நினைத்திருக்கிறேன். லினக்ஸ்காரர்களுக்கு இருக்கும் வியாதி இது, நான் மட்டும் இல்லை.

இதை அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் ஏழரை எச்பி போர் மோட்டார். த்ரீ பேஸ் வரும் நேரத்துக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாக எடுத்துவிடும். கரண்ட் விட்டு விட்டு வந்த நாட்களில் அது மோட்டாரை எடுப்பதும் நிறுத்துவதுமாக இருந்து, ஒருமுறை காயில் கருகி, போரிலிருந்து குழாய் எல்லாம் உருவி மேலே எடுத்ததை அவர் மறக்கமாட்டார். அதற்கப்புறம் கரண்ட் வந்தாலும் சில நிமிஷம் பொறுத்து, நிலையாக நின்ற பிறகே மோட்டாரை எடுக்கும்படி டைமர் போட்டுவிட்டார். நான் டிஸ்க்கின் கதையைச் சொல்லி முடித்ததும், "ஓடறத ஏன் சாமி நிறுத்தின?" என்றார். அவ்வளவுதான். உண்மையில் இரண்டும் ஒன்றில்லை. மோட்டார் எடுக்கும்போது பல மடங்கு கரண்ட் இழுத்துச் சூடேறிக் காயில் போகிறது, இங்கே கரண்டே இல்லை, வெறும் உராய்வு. இதை விளக்க வாயெடுத்தேன். அவர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

மூடித் திறந்தால் மறுபடி டக்

சரிசெய்வது ஒரே வரி என்று நினைத்தேன். நோட்டின் இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டு, மைனஸ் பி 254 என்று அடித்தேன். சத்தம் அந்த நிமிஷமே நின்றது. ஒரு மணிநேரம் கழித்து எண் அப்படியே இருந்தது. மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து திறந்தால், டக். மூடினால் லேப்டாப் தூங்கப் போகும் நிலைக்கு சஸ்பெண்ட் என்று பெயர், சஸ்பெண்டில் டிஸ்க்குக்கு மின்சாரம் போய்விடுவதால் நாம் சொல்லி வைத்தது மறந்து, தன் பழைய குணத்துக்குத் திரும்பிவிடுகிறது. என் டிஸ்க்கின் பிறவிக் குணமும் அப்படி ஒன்றும் அமைதியில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. 1 அளவுக்கு இல்லை, ஆனாலும் தலையைத் தூக்கும்.

அப்புறம் மின்சார அமைப்புகளைத் தானே கவனித்துக்கொள்ளும் டிஎல்பி என்ற கருவியைப் போட்டேன். சஸ்பெண்டிலிருந்து எழும்போதும், சார்ஜர் செருகும்போதும் பிடுங்கும்போதும் அதுவே மறுபடி சொல்லிவிடும். அதில் சார்ஜரில் 254, பேட்டரியில் 128 என்று இருந்தது. 128இல் தட்டு நிற்காதே, போதும் என்று விட்டேன். ஆனால் தட்டு நிற்காதது வேறு, தலை நகராதது வேறு. என் டிஸ்க் 128இலும் தலையை ஓரம் கட்டியது. 192 போட்டுப் பார்த்தேன், அப்போதும் கேட்டது. பேட்டரிக்கும் 254 போட்ட பிறகுதான் அடங்கியது. இது டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும், என் எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஒரு மணிநேர இடைவெளியில் 193ஆம் வரிசையை இரண்டு தடவை பாருங்கள், அது சொல்லும். நான் நோட்டில் பட்ட பாடே போதும்.

நஷ்டம் இல்லாமலும் இல்லை. வெப்பம் 39லிருந்து 42க்கு ஏறியது. சித்திரை மாத மத்தியானத்தில் எங்கள் தகர ஷீட் அறையில் 47 வரை பார்த்தேன், அந்த நேரத்தில் மூடி வைத்துவிடுகிறேன். இன்னொன்று, தலை எப்போதும் தட்டின் மேலேயே மிதப்பதால் அடிபட்டால் ஆபத்து கூடுதல். முன்பெல்லாம் லேப்டாப்பைத் திறந்தபடியே ஒரு கையில் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவேன், பாலக்கோடு பஸ்ஸில் மடியில் வைத்து வேலை பார்ப்பேன். ஊருக்கு ஊர் வேகத்தடை, அதில் டிரைவர் குதிக்கவிடும் விதம் தெரியும்தானே. இப்போது பஸ்ஸில் திறப்பதில்லை. சஸ்பெண்ட் ஆகும்போது தலை தானாக ஓரம் போய்விடும் என்பதால் மூடி, விளக்கு அணைந்து சிமிட்டத் தொடங்கிய பிறகே பையில் வைக்கிறேன்.

எஸ்எஸ்டி போட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்று பெங்களூரிலிருந்து தங்கச்சி கேட்டாள். இல்லைதான். சுற்றும் தட்டும் இல்லை, தூக்கும் தலையும் இல்லை. போடத்தான் போகிறேன், கணக்கை எல்லாம் ஒரு பென்டிரைவில் எடுத்தும் வைத்துவிட்டேன். ஆனால் இந்த டிஸ்க்கை இப்போதே கழற்ற மனசு வரவில்லை. இத்தனை வருஷம் என் தப்பைச் சுமந்துகொண்டு ஒரு கோப்பைக்கூடத் தொலைக்காமல் ஓடியிருக்கிறது.

சித்தப்பா மகள் கல்யாணம் வைகாசியில் முடிந்தது. போன வாரம் அவளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். ராத்திரி அதே நடுவீட்டில் பேச்சு. ஓசூரில் சொந்தமாக ஒரு இடம் வாங்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தார். டக் என்றது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. உடனே டெர்மினலைத் திறந்து பார்த்தேன். 4,73,640. சாயங்காலம் பார்த்ததும் அதேதான். நிமிர்ந்தால் டியூப் லைட்டுக்குப் பின்னால் வால் மட்டும் தெரிந்தது. ஆயா தரையைத் தட்டிவிட்டு, "எந்தப் பக்கத்துலருந்து சொல்லுச்சு, பாத்தியா?" என்று என்னைக் கேட்டது. கிழக்குச் சுவர் என்றேன்.